மேசைக்கு அந்தப் பக்கம்

"இனிமே அந்த வேலைவாய்ப்பு முகாமுக்கு நான் போகமாட்டேன் மேடம்," என்றார் சவரிராயன்.

கயற்கண்ணி வரைபலகையிலிருந்து நிமிர்ந்தார்.

அவர் ஆசிரியை. இவர் மாணவர். ஆனால் வயதில் மாணவர்தான் மூத்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு, பூங்காவும் ஏரிக்கரையும் வடிவமைக்கும் படிப்பில் வந்து சேர்ந்தவர். இது கடைசி வருடம். பிழைப்புக்கு வேறு வழியில்லை.

"ஏன் போகமாட்டீங்க?"

"போன தடவை ஒவ்வொரு மேசையா நின்னேன். படத்தைப் புரட்டுறாங்க. என் நரையைப் பாக்குறாங்க. சொல்லி அனுப்புறோம்ங்கிறாங்க. ஒருத்தர், தோட்டக்காரர் வேலைக்கா வந்தீங்கன்னு கேட்டார்."

கயற்கண்ணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"வெண்டைக்காயை உடைச்சுப் பாக்குற மாதிரி மனுசனைப் பாக்குறாங்க மேடம். எனக்கு வேண்டாம். அறையில உக்காந்து நல்லா வரையறேன். வேலை தானா வரட்டும்."

"நாளைக்கு முகாம்ல, வேலை கொடுக்க வர்ற ஜமீலா பானு மேசையில கூட இருக்க ஆள் இல்லை. நீங்க போங்க. படம் எதுவும் எடுத்துட்டுப் போக வேண்டாம்."

"படம் இல்லாம அவங்க முன்னால போய் என்ன செய்ய?"

"முன்னால இல்லை. பக்கத்துல உக்காருங்க."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது.

ஜமீலா பானு சின்னதாக ஒரு வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறவர். மேசைமேல் ஓர் ஏரியின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். சவரிராயன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

மாணவர்கள் வந்தார்கள். தங்கள் படக் கோப்புகளைத் திறந்தார்கள். மனப்பாடமாய்ச் சொன்னார்கள். சொல்லும்போதே கண் அடுத்த மேசைக்குப் போனது. கோப்புகளை மூடினார்கள். போனார்கள்.

ஏரிப் படத்தைப் பார்க்காமல் அதன்மேலேயே கோப்புகளை வைத்தார்கள்.

போன தடவை தானும் இப்படித்தான் வைத்தோம் என்று சவரிராயனுக்கு நினைவு வந்தது.

காபி வந்தபோது கேட்டார். "சின்ன ஆபீஸ்தானே மேடம். இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா?"

"தனியா யோசிச்சு யோசிச்சு அலுத்துப்போச்சு சார்," என்றார் ஜமீலா பானு.

அப்போது நித்திலா என்ற மாணவி வந்தாள். கோப்பைத் திறக்கவில்லை. குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"இந்த ஏரியில இப்ப தண்ணி இருக்கா மேடம்?"

ஜமீலா பானு காபியைக் கீழே வைத்தார்.

"இல்லைம்மா. நல்ல மழை பெஞ்சுது. நிக்கவே மாட்டேங்குது. ஏன்னு தெரியலை."

"வாய்க்கால் அடைச்சிருக்குமோ?"

"தண்ணி உள்ள வருது. வந்தது ரெண்டு வாரத்துல காணாம போயிடுது. இத்தனைக்கும் நல்லா ஆழமா தூர் வாரினாங்க."

சவரிராயன் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்தார்.

"ரொம்ப ஆழமாவா? அடியில தண்ணியைத் தாங்குற களிமண்ணையும் சேத்து அள்ளிட்டாங்களோ மேடம்?"

ஜமீலா பானு திரும்பி அவரைப் பார்த்தார். அன்று முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கூட நின்னு யாரும் பாக்கலை," என்றார் மெல்ல.

"அப்படின்னா அடியில மணல்தான் இருக்கும்," என்றாள் நித்திலா. "எந்தப் பக்கம் வெட்டினாங்க?"

பென்சில் ஒன்று கைமாறியது. படத்தைத் திருப்பிப் பின்பக்க வெள்ளையில் வரைந்தார்கள். நித்திலா கோடு போட்டாள். சவரிராயன் அழித்தார். ஜமீலா பானு மறுபடி போட்டார். நித்திலாவின் கோப்பு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் சவரிராயன் எழுந்தார்.

வாசலில் கயற்கண்ணி நின்றிருந்தார்.

"வேலை கேட்டீங்களா?"

"ஐயோ, மறந்தே போயிட்டேன் மேடம்."

"சரி."

"திங்கட்கிழமை ஏரியைப் பாக்கப் போறோம்."

"போறோம்னா, யாரு?"

சவரிராயன் திரும்பிப் பார்த்தார். காலியான மண்டபத்தில் அந்த ஒரு மேசையில் மட்டும் நித்திலாவும் ஜமீலா பானுவும் ஒரு கோட்டுக்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க," என்றார்.