வாடை திரும்பிய கடல்

பாம்பனுக்கு வடக்கே இருக்கும் கடலில் ஆழம் குறைவு. அதன் அடியில், புல் மண்டிய ஓரிடத்தில், மஞ்சப்பன் என்றொரு கடல்குதிரை வாழ்ந்தான். கடல்குதிரைகளுக்கு நீந்தத் தெம்பு போதாது. புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். பிள்ளை சுமப்பதும் அப்பன்தான். மஞ்சப்பனின் வயிற்றுப் பை நிறையக் குஞ்சுகள் இருந்தன.

மனைவி பவளாயியின் இருப்பிடம் சற்றுத் தெற்கே. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். காலையில் அதில் மிதந்து வந்துவிடுவாள்.

"பிள்ளைங்க உதைக்குதா மச்சான்?"

"ராத்திரி பூரா உதைதான்!"

வாலோடு வால் கோத்து இருவரும் ஒரு சுற்று ஆடுவார்கள். மாலையில் நீர் தணிந்ததும், புல்லைப் பற்றிப் பற்றி அவள் திரும்பிப் போவாள்.

ஒருநாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மணலோடு ஒட்டி ஊர்ந்து வந்த நண்டுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன மஞ்சப்பா, தெற்கையே பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது!"

"அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

"உடம்பா! பிள்ளைங்கள உன் தலையில கட்டிட்டு அவ நிம்மதியா இருக்கா!"

"போடா!" என்றான் மஞ்சப்பன். ஆனால் அந்தச் சொல் உள்ளே தங்கிவிட்டது. தங்கியது, வளர்ந்தது.

"இனி அவ வந்தாலும் பிள்ளைங்கள பார்க்கக் கூடாது! வடக்கே, அவளுக்கு எட்டாத இடத்துக்குப் போறேன்!"

வாலை அவிழ்த்தான். தண்ணீர் அவனைத் தெற்கே தள்ளியது. ஒரு புல்லைப் பிடித்து நின்று, மறுபடி வடக்கே பாய்ந்தான். மறுபடியும் தெற்கேதான் போய், இன்னொரு புல்லைப் பிடித்தான். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். புல்லெல்லாம் தெற்கே சாய்ந்து கிடந்தது. அவள் வரும் வழியையே பார்த்திருந்தவன், தன் பக்கத்துப் புல்லைப் பார்க்கவில்லை.

"கச்சான் போய் வாடை வந்திருச்சா! இந்த ஆழமில்லாத கடல்ல மேலே காத்து திரும்பினா கீழே தண்ணியும் திரும்பிடுமே! ஐயோ, அவ எப்படி வருவா?"

"அப்படியா?" என்று நண்டு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. "தரையில நடக்கிற எனக்கு அதெல்லாம் எங்கே தெரியுது?"

மஞ்சப்பன் பிடியை விட்டான். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் நீர் அவனைத் தூக்கிப் போனது.

பவளாயி ஒற்றைப் புல்லில் தொங்கிக்கொண்டிருந்தாள். வாலில் தோல் உரிந்திருந்தது.

"தினமும் கிளம்பினேன் மச்சான். இப்போ சாயங்காலமும் தண்ணி தணியிறதில்ல. ரெண்டு புல் தாண்டுறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுது. பிள்ளைங்க...?"

"நல்லா இருக்குதுங்க. நீயே தொட்டுப் பாரு!"

அவள் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு குஞ்சு உதைத்தது. தான் எங்கே போகக் கிளம்பினோம் என்பதை மஞ்சப்பன் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

வரவேண்டியவர் வரவில்லையென்றால், அவர் மனம் மாறிவிட்டதென்று முடிவு கட்டுமுன், நடுவே காற்று மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.