ஒரே அலகு பின்னிய இரண்டு கூடுகள்

குளத்தின் மேல் சாய்ந்திருந்த கருவேலமரத்தில் செவ்வந்தி என்ற தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். கூட்டைப் பின்னியவன் அவள் துணைவன் கொன்றையன். அவனை நம்பித் தன் சொந்தக் கூட்டத்தையே உதறிவிட்டு வந்தவள் அவள்.

"உனக்கு மட்டும்தான் கூடு பின்னுவேன்!" என்று அன்று அவன் சத்தியம் செய்திருந்தான்.

குஞ்சுகள் பொரித்ததும் அவன் வருவது குறைந்தது. ஒரு காலையில் பக்கத்துக் கிளையில் அவன் பச்சை நாரோடு தொங்குவதைச் செவ்வந்தி பார்த்தாள். புதுக்கூடு! அருகில் தாழை என்ற இளம் குருவி.

"யாருக்கு இந்த மாளிகை?"

"தாழைக்கு. உனக்குத்தான் ஒன்று இருக்கிறதே!" என்றான் கொன்றையன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

செவ்வந்தி நேரே கொம்பேறிமூக்கன் பாம்பிடம் போனாள். கூட்டுக்குள் நுழையப் பார்த்து, வாசல் குழாயில் வழுக்கி, பல தடவை குளத்தில் விழுந்து மானம் போன பாம்பு அது.

"வாசல் வழியாக ஏன் போகிறாய், மண்டு?" என்றாள் செவ்வந்தி. " கூட்டைக் கிளையில் கட்டிய மேல்முடிச்சுக்குக் கீழே கொன்றையன் பின்னல் மெல்லிசு. மூக்கால் முட்டினாலே பிரிந்துவிடும்!"

"அடடா! உனக்கு எப்படித் தெரியும்?"

"மழை பெய்தால் எனக்கு அங்கேதானே ஒழுகுகிறது! தாழையின் கூட்டுக்குப் போ. என் கூட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதே!"

"சேச்சே! உன் குஞ்சுகள் என் குஞ்சுகள் மாதிரி!"

பாவம், கோபத்தில் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை.

மறுநாள் அவள் புழுவோடு திரும்பியபோது தாழையின் கூடு கிழிந்து தொங்கியது. தாழை ஒரு சிறகை இழுத்துக்கொண்டு கிளையில் நடுங்கினாள்.

"அக்கா! நான் இன்னும் முட்டையே இடவில்லை. ஒன்றும் கிடைக்காமல் பாம்பு உங்கள் கூட்டுக்குப் போய்விட்டது. கொத்திக் கொத்திப் பார்த்தேன், தடுக்க முடியவில்லை அக்கா!"

செவ்வந்தியின் கூட்டிலும் மேல்முடிச்சுக்குக் கீழே ஓட்டை. உள்ளே ஒரு குஞ்சுகூட இல்லை.

கொன்றையன் அலறிக்கொண்டு வந்தான். "ஐயோ, என் செல்வங்களே! அந்த இடம் பாம்புக்கு எப்படித் தெரிந்தது?"

செவ்வந்தியின் அலகில் புழு அப்படியே இருந்தது. ஊட்டத்தான் யாருமில்லை.

துரோகியைப் பழிவாங்கப் பகைவனுக்கு வழி காட்டினால், அந்த வழி நம் வீட்டுக்குள்ளும் வந்து முடியும்.