இன்னுமா தம்பி?

"ஐம்பத்திரண்டு வயசாகுது சாமி. இன்னுமா நான் தம்பி?"

பெட்டியும் கையுமாக வந்து நின்றார் நல்லசிவம். இருபது வருஷமாக அந்த மடத்துச் சீடர். முந்தின நாள், நல்லசிவத்தின் பிரசங்கத்தைக் கேட்கவென்றே வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், "தம்பி, அந்த விசிறியை எடு" என்று சொல்லிவிட்டார் குரு. மனுஷருக்கு மானமே போய்விட்டது.

குருவுக்கு எண்பது வயது.

"அதுல என்ன குறை?" என்றார்.

"வழி கேட்கிறவன் தம்பிங்கிறான். பந்தியில சாம்பார் கேட்கிறவன் தம்பிங்கிறான். சட்டையைப் பிடிக்க வர்றவன்கூட தம்பின்னுதான் ஆரம்பிக்கிறான். எனக்கு அது வேண்டாம். சாமின்னு கூப்பிடுங்க. இல்லேன்னா கிளம்பறேன்."

"சரிங்க சாமி," என்றார் குரு உடனே. "இன்னிக்கு எங்க அக்காவைப் பார்க்கப் போறேன். நீங்களும் வாங்க."

நல்லசிவத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து போனார்.

அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு வயது. குரல் மட்டும் கொஞ்சமும் தளரவில்லை.

"ஏன்டா தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எலும்பும் தோலுமா நிக்கிறே! மடத்துல சோறு போடறாங்களா இல்லையா?"

ஊரே காலில் விழும் குரு, அவள் திருகிய காதைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"கூட யாரு?"

"சாமி, அக்கா. பெரிய சாமி."

அக்கா சட்டென்று கையைத் துடைத்துக் கும்பிட்டாள். நாற்காலி போட்டுத் துண்டு விரித்தாள். தட்டில் வைத்து ஒரு டம்ளர் பால் கொடுத்தாள்.

"நம்ம வீட்டுக் களியெல்லாம் சாமிக்கு ஆகாது" என்று தள்ளி நின்றாள்.

குரு அடுப்படியில் சம்மணம் போட்டார். அக்கா களியை உருட்டி உருட்டி அவர் கையில் வைத்தாள். உருண்டைக்கு ஒரு திட்டு.

"மெல்லாதேடா, முழுங்கு!"

"மெல்றதுக்குப் பல்லு எங்கேக்கா இருக்கு?"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

நாற்காலியில் இருந்தவர் கையில் பால் ஆறிக்கொண்டிருந்தது. நல்லசிவத்தின் அம்மா போய்ப் பதினோரு வருஷம். அதற்கப்புறம் தன்னை அதட்டிச் சோறு போட ஆளில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

எழுந்து வந்து குருவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் சாமியெல்லாம் இல்லீங்க. எனக்கும் ஒரு உருண்டை."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப கையைக் கழுவிட்டு வாடா, தம்பி!"

நல்லசிவம் குழாயடிக்கு ஓடினார்.