திரைக்கு வைத்த பொட்டு

மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் மலைத் தேயிலை ஆலை அது. ஆயுத பூஜையன்று, ஆலையின் மெஷின், சாமான்களுக்குக் கணக்கு வைக்கும் சாப்ட்வேரை விற்க வந்தான் பிரபாகர்.

"திரையில இருக்கிறதெல்லாம் ஆலையில இருக்குங்க," என்று ஆலையின் பட்டியலை ஏற்றியிருந்த மடிக்கணினியைத் திறந்து காட்டிச் சத்தியம் செய்தான்.

கோவையிலிருந்து வந்திருந்த முதலாளி அந்தப் பேச்சில் மயங்கிப்போனார். மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி வெள்ளைத்தாயிடம், "திரையில உள்ள அத்தனைக்கும் வை. ஒண்ணு விட்டாலும் நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார்.

சாம்பிராணிப் புகையில் மிதந்தபடி அவள் ஒவ்வொன்றுக்கும் வைத்தாள். மழையில் மண்சரிவோடு போன ஜெனரேட்டர் மட்டும் பாக்கி. திரும்பி வந்தவள், திரையில் பளபளத்த அதன் படத்தின்மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்று பதறினான் பிரபாகர்.

"அது இப்போ இங்கதானுங்க குடியிருக்கு."

முதலாளி ஜன்னல் வழியே ஜெனரேட்டர் இருந்த காலிக் கொட்டகையைப் பார்த்தார். பொட்டு காய்வதற்குள் பிரபாகரின் வண்டி மேகத்துக்குள் இறங்கிப் போனது.