வேலாயியின் கண்ணாடியில் விழுந்த கீறல்

மூங்கில் அடர்ந்த காடு அது. அங்கே துருதுரு என்ற அணிலும் வேலாயி என்ற முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. துருதுரு எதிலும் அவசரக்காரி. வேலாயி பொறுமைசாலி.

வேலாயிக்குக் கண் பார்வை மங்கல். காட்டைப் பார்க்க வந்த யாரோ தவறவிட்ட பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி ஒன்று அதற்குக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்ட அன்றுதான் தன் இரண்டு குட்டிகளின் முகத்தை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது. நல்ல கிழங்கு எது, நச்சுக் கிழங்கு எது என்று பார்த்துத் தோண்டவும் அந்தக் கண்ணாடிதான் துணை.

ஒருநாள் மதியம் வேலாயி கண்ணாடியைக் கழற்றி, ஆற்றோரத்தில் இருந்த தன் வளையின் வாசல் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே கண்ணயர்ந்தது. கண்ணாடியில் புழுதி படிந்திருப்பதைத் துருதுரு கண்டது.

‘அக்கா எழுந்திருக்கும்போது பளிச்சென்று இருக்கட்டும்’ என்று ஆசையாக ஒரு காய்ந்த இலையை எடுத்துத் துடைத்தது. புழுதியோடு சேர்த்துத் துடைத்ததில் வலப்பக்கக் கண்ணாடியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிட்டது.

துருதுரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மரத்திலிருந்த குரங்கு எட்டிப் பார்த்தது. அதற்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

“இதற்கா கலங்குகிறாய்? ஆற்று மணல் போட்டுத் தேய். மனிதர்கள் பாத்திரத்தை அப்படித்தான் மின்ன வைக்கிறார்கள்” என்றது.

“இது பாத்திரம் இல்லையே?”

“தேய்த்துப் பார், தெரியும்.”

துருதுரு ஆற்றங்கரைக்கு ஓடியது. தேய்த்தது. ஒரு கோடு பத்துக் கோடானது. இன்னும் அழுத்தித் தேய்த்தது. கண்ணாடி பனி மூடியதுபோல் வெளுத்துப் போனது.

என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த துருதுருவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ‘இடப்பக்கத்தையும் இப்படியே ஆக்கிவிட்டால், தன் பார்வைதான் இன்னும் மங்கிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொள்ளும்.’

ஒரு பிடி மணலை அள்ளியது. அந்த நேரம் பார்த்து வளைக்குள்ளிருந்து வேலாயியின் குரல் கேட்டது. “சின்னக்குட்டி, அழாதே. அம்மா கண்ணாடி கிடைத்ததும் உனக்குக் கிழங்கு தேடித் தருகிறேன்.”

துருதுருவின் கையிலிருந்து மணல் உதிர்ந்தது. நேரே போய் வேலாயியின் முன் நின்றது.

“அக்கா, உன் கண்ணாடியை நான்தான் கெடுத்தேன். முதலில் ஒரு கோடுதான் விழுந்தது. மறைக்கப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்து இப்படி ஆகிவிட்டது.”

வேலாயி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தது. வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

“இது பிளாஸ்டிக், துருதுரு. தேய்த்தால் கீறல் போகாது, கூடத்தான் செய்யும். தண்ணீரில் அலசி, மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். அந்த ஒரு கோட்டோடு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்தேன், அக்கா.”

“கோபித்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஆறியிருக்கும். சரி, ஒரு பக்கம் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகள் பசியோடிருக்கிறார்கள், வா போகலாம்.”

வேலாயி கிழங்கு தேடக் கிளம்பியது. துருதுரு அதன் வலப்பக்கமாக, முள் படாத தூரத்தில், முதன்முறையாக மெல்ல நடந்தது.

“இந்தப் பக்கம் பள்ளம், அக்கா. அந்தக் கொடி வேண்டாம், நச்சுக் கிழங்கு. சின்னக்குட்டி பின்தங்கிவிட்டது, கொஞ்சம் நில்” என்று சொல்லிக்கொண்டே வந்தது.

வேலாயி நின்றது.

நீதி: செய்த தவற்றை மறைக்க மறைக்க அது பெரிதாகும், உடனே ஒப்புக்கொண்டால் சிறிதாகவே நின்றுவிடும்.