அண்ணாச்சி அமைதிக்கு நாலு குழாய் ஸ்பீக்கர்

கொண்டலூரில் கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் கொடைத் திருவிழாவோ, எது நடந்தாலும் ஊர்க்காரன் காது அடைச்சுப் போறது இசக்கியப்பன் அண்ணாச்சி புண்ணியத்தில்தான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ‘இசக்கி சவுண்ட் சர்வீஸ்’ என்று கடை. உள்ளே குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சீரியல் செட், மூலையில் ஒரு ஜெனரேட்டர். இதையெல்லாம் தூக்க, கட்ட, அவிழ்க்க மூணு பேர். ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காருகிறவன் சொரிமுத்து. குட்டியானை வண்டி ஓட்டுகிறவன் வெள்ளப்பாண்டி. மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்கிறவன் ஜெபமணி. மூணு பேருக்கும் மனசு தங்கம். அந்த மனசுக்கு ஒரு முழம் மேலே இருக்கவேண்டிய சாமானைத்தான் ஆண்டவன் வைக்க மறந்துட்டான்.

வேற ஆளே கிடைக்கலையா என்று கேட்பீங்க. அண்ணாச்சியும் ஒருநாள் பொறுமை செத்து, “மூணு பேரும் வெளிய போங்கல!” என்று கத்தினார். போனார்கள். கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, “அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம் வெளிய இருக்கணும்?” என்று ஜெபமணி எட்டிப் பார்த்துக் கேட்டான். அதோடு அவர் அந்த முயற்சியை விட்டுட்டார்.

போன வருசம் அம்மன் கோயில் கொடையில், “நான் வர்ற வரைக்கும் இந்தப் பாட்டு ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவரைக் காய்ச்சல் பிடித்துப் படுக்கப் போட்டுவிட்டது. அவர் எழுந்து வருகிற வரைக்கும் ராத்திரி பகலாக அந்த ஒரே பாட்டு ஓடியது. சத்தம் தாங்காமல் பூசாரி தன் மகள் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டார். கோயில் கமிட்டி கூடி ஒரே வார்த்தையில் முடித்தது: “அடுத்த கொடைக்கு இசக்கியப்பன் நேர்ல நின்னா இசக்கி செட்டு. அவரு இல்லாட்டி கீழூர் செட்டு.”

அதனால் இந்த வருசம் கொடை நெருங்க நெருங்க அண்ணாச்சிக்குத் தூக்கம் போச்சு. இந்தக் காதில் ஒரு போன், அந்தக் காதில் ஒரு போன், நடுவில் இந்த மூணு பேர். ஒருநாள் கடையிலேயே தலை சுற்றி, ஸ்பீக்கர் பெட்டி மேல் சாய்ந்துவிட்டார். மூணு பேரும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

டாக்டரம்மா கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“உடம்பு இருக்கட்டும், உங்க மனசுதான் கொதிக்குது. தினம் காலையில ஒரு மணி நேரம் அமைதியா உட்காருங்க. ஊர்ல ஒருத்தரும் இவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது. கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. கெட்ட சேதி எதையும் இவர்கிட்ட பொசுக்குன்னு சொல்லாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா சொல்லுங்க. வெள்ளிக்கிழமை உங்க ஊர் மருத்துவ முகாமுக்கு நானே வர்றேன். அன்னிக்கும் பிரஷர் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவேன். அப்புறம் கொடையும் கிடையாது, கடையும் கிடையாது.”

மூணு பேரும் கைகட்டி நின்று கேட்டார்கள். அவர்கள் அப்படிக் கவனமாகக் கேட்டதைப் பார்த்ததுமே அண்ணாச்சி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணாச்சி மொட்டைமாடியில் பாயை விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்தார். குளுகுளுவென்று காற்று. தூரத்தில் ஒரு குயில். ஆஹா, இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று நினைக்கிறார், ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருந்த நாலு குழாய் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அலறின.

“அன்பார்ந்த கொண்டலூர் பொதுமக்களே! நமது இசக்கியப்பன் அண்ணாச்சி அவர்கள் தற்போது அமைதியில் ஈடுபட்டுள்ளார்கள். ஆகவே பொதுமக்கள் யாரும் சத்தம் போட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தாய்மார்கள் குடத்தை மெதுவாக வைக்கவும். குயிலை வளர்ப்பவர்கள் பிடித்துக் கட்டவும்!”

ஊரே வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. அமைதியில் ஈடுபட்டுள்ளார் என்பதைப் பாதித் தூக்கத்தில் கேட்டவர்கள், ஆள் போய்ச் சேர்ந்துட்டார் என்று முடிவுகட்டி, மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி பெண்டாட்டி சண்முகத்தாய்க்கு வந்தவர்களிடம் “உசுரோடதான் இருக்காவ, மாடில இருக்காவ” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். அங்கே மூணு பேரும் தீவிர யோசனையில் இருந்தார்கள்.

“ஊருக்குச் சொல்லாம ஊர் எப்படி வே சத்தம் போடாம இருக்கும்?” என்றான் வெள்ளப்பாண்டி.

“சொன்னாலும் மறந்துருவானுவ. அதான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கச் சொல்லுதேன்” என்றான் ஜெபமணி.

“நாலு குழாய் பத்தாது. மேலத் தெரு கடைசி வீட்டுல ஒரு கொழந்தை அழுவுது, கேக்குதா? அங்க ஒண்ணு கட்டணும்” என்றான் சொரிமுத்து.

“ஏல!” என்று அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவ்வளவுதான். “கோவம் வந்துட்டு!” என்று மூணு பேரும் எழுந்து ஓடி, தயாராக வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். குடித்தார். “இப்ப எதுக்குல தண்ணி?” என்றார். இன்னொரு டம்ளர் வந்தது. “போதும்ல!” என்றார். சத்தம் கூடியிருந்ததால் ரெண்டு டம்ளர் வந்தது. பாதிக் குடம் காலியான பிறகுதான், பேசாமல் இருந்தால் தண்ணீர் வராது என்பது அண்ணாச்சிக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். “மருந்து வேலை செய்யுது” என்றான் ஜெபமணி.

அன்று பத்து மணிக்கு வெள்ளப்பாண்டி கடைக்குள் வந்தான். அண்ணாச்சி பக்கத்தில் குனிந்து, ரொம்பப் பதமாக, “அண்ணாச்சி… நம்ம குட்டியானை…” என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணாச்சிக்குத் திக்கென்றது. “ஏல, குட்டியானைக்கு என்னல?”

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லணும், அண்ணாச்சி. மத்தியானம் வாறேன்.”

அந்த வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. கொடைக்குச் சாமான் ஏற்ற வேற வண்டியும் இல்லை. அண்ணாச்சிக்கு இட்லி இறங்கவில்லை. மத்தியானம் வெள்ளப்பாண்டி வந்து, “குளத்துப் பக்கம் போயிருந்தப்ப…” என்றான். போய்விட்டான். அண்ணாச்சிக்குச் சோறும் இறங்கவில்லை. குளமா? முங்கிட்டா? முழுசா முங்கிட்டா? ஜெபமணியைக் கேட்டார். “எனக்குத் தெரியும் அண்ணாச்சி, ஆனா சொல்ல வேண்டியது வெள்ளப்பாண்டி முறை” என்றான். சாயங்காலம் வெள்ளப்பாண்டி வந்து, “தண்ணிக்குள்ள…” என்று சொல்லி, அண்ணாச்சியின் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அண்ணாச்சி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, “மிச்சத்தையும் சொல்லிருல, நல்லாயிருப்ப!” என்று கெஞ்சினார்.

“தண்ணிக்குள்ள நிறுத்தி நல்லாக் கழுவினோம், அண்ணாச்சி. வண்டி பளபளன்னு இருக்கு.”

“அட சவத்து மூதி! இது நல்ல சேதில்லா!”

“ஆமா அண்ணாச்சி. கெட்ட சேதி வாறப்ப உங்களுக்குப் பழகியிருக்கட்டும்னு பாத்தோம்.”

இப்படியே வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் முகாம். இருமுகிறவர், தும்முகிறவர், வரிசையில் சண்டை போடுகிறவர் என்று ஒரே கூச்சல். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினார். இந்த ஒரு நிமிசத்தில்தான் கொடை இருக்கிறது, கீழூர்க்காரன் சிரிக்கப்போறானா இல்லையா என்பது இருக்கிறது. நினைக்க நினைக்க நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது.

டாக்டரம்மா குழலைக் காதில் மாட்டி, நெஞ்சில் வைத்துப் பார்த்தார். “இந்தக் கூச்சல்ல ஒண்ணுமே கேட்க மாட்டேங்குதே” என்று சலித்துக்கொண்டார்.

கேட்கவில்லை என்ற வார்த்தை மூணு பேர் காதிலும் விழுந்தது. அவர்கள் பிழைப்பே அதுதானே. கண் மூடித் திறக்குமுன் ஜெபமணி அண்ணாச்சி சட்டைக்குள் ஒரு குட்டி மைக்கை நெஞ்சோடு ஒட்டினான். முகாம் அறிவிப்புக்காகத் தொட்டிக் குழாயோடு இணைத்து வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சொரிமுத்து திருகினான். தண்ணீர்த் தொட்டி மேலிருந்த நாலு குழாயிலும் அண்ணாச்சியின் இதயம் ஊர் முழுக்கக் கேட்டது.

டுப்… டுப்… டுப்… டுப்…

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. வரிசையில் சண்டை போட்டவர்கள் வாயை மூடினார்கள். மேலத் தெருக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. “இப்பக் கேக்குதா, டாக்டரம்மா? எக்கோ கொஞ்சம் கூட்டவா?” என்றான் சொரிமுத்து.

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

டுப் நின்றது. அப்புறம் நாலு தெருவிலிருந்தும் ஓவென்று ஒப்பாரி எழும்பியது. மூணு பேரும் அண்ணாச்சி காலில் விழுந்து கதறினார்கள்.

“எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே, அண்ணாச்சி!”

“ஏல, நான் இருக்கேன்ல.”

“அப்படித்தான் எங்களுக்குத் தைரியம் சொல்லுவிய!” என்று வெள்ளப்பாண்டி காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். “ஆனா செட்டுல சத்தம் வரலியே, அண்ணாச்சி. செட்டு பொய் சொல்லுமா?”

அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். நிஜக் கண்ணீர். மூக்கு வழிய அழுகிறார்கள். அவருக்கு எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மாசக்கணக்காகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தார். சிரித்து முடித்தபோது உடம்பு பஞ்சாக லேசாகியிருந்தது. குழாய் ஸ்பீக்கர் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, ஊர் முழுக்க நடுத்தெருவில் நின்று அழுதாலும் வராந்தா மட்டும் நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மா சட்டென்று பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

“நம்பவே முடியல. நல்லா இறங்கியிருக்கு. கொடையை நீங்களே நின்னு நடத்துங்க” என்றார். மூணு பேர் பக்கம் திரும்பி, “என்ன செஞ்சீங்களோ தெரியாது. இவரை இப்படியே வச்சுப் பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். படித்தவர், பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

இப்படியே என்றால் இப்படியே. அன்று முதல் அண்ணாச்சி நெஞ்சில் மைக், சட்டையில் ஊர் நீளத்துக்கு வயர், அதன் மறுமுனையில் ஒரு ஆம்ப்ளிஃபயர். பிடுங்கிப் போட்டால் மூணு பேரும் ஒப்பாரி வைத்தார்கள். கோபப்பட்டால் குடம் வந்தது. கொடை முடிகிற வரைக்கும்தானே என்று அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

கொடை நாள். மத்தியானப் பூசை நேரம். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில். மேளக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர் அம்மன் கதையை உச்சத்துக்குக் கொண்டுபோய், “வாராளே, வாராளே” என்று இழுக்க, சாமியாடி தளவாய் உடம்பை முறுக்கி, முதல் அடி வைக்கக் காலைத் தூக்கினார். கரண்ட் போயிற்று.

பாட்டு பாதியில் நின்றது. தூக்கிய கால் தூக்கியபடி தளவாய் ஒற்றைக்காலில் நின்றார். கமிட்டித் தலைவர் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கூட்டத்துக்கு இந்தப் பக்கமிருந்து, “ஜெனரேட்டரைப் போடுங்கல!” என்று கத்தினார்.

மூணு பேரும் ஜெனரேட்டரைச் சுற்றி நின்று கவலையோடு பேசினார்கள்.

“இருக்கது ஒரே ஜெனரேட்டர். மேடை செட்டுக்குக் குடுக்கவா, அண்ணாச்சி நெஞ்சு மைக் செட்டுக்குக் குடுக்கவா?” என்றான் சொரிமுத்து.

“அம்மன் தெய்வம்லா, வே. கரண்ட் இல்லாட்டியும் இருந்துக்கிடுவா” என்றான் ஜெபமணி. “அண்ணாச்சி மனுசன். எத்தனை நேரந்தான் தாங்குவாவ?”

“குடு குடு, இப்பமே மூஞ்சி கறுத்துட்டு” என்றான் வெள்ளப்பாண்டி.

ஜெனரேட்டர் வயரையும் கோயில் குழாய் வயரையும் அண்ணாச்சி செட்டுக்கு மாற்றிச் சொருகினார்கள். ஜெனரேட்டர் உறுமியது. கோயில் குழாய் அத்தனையிலும், டுப்… டுப்… டுப்…

தளவாய்க்கு என்ன தெரியும், பாவம். தாளம் வந்துவிட்டது என்று ஆட ஆரம்பித்தார். கூட்டம் குலவையிட்டது. அதைப் பார்த்த அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. டுப்டுப் டுப்டுப். தளவாய் வேகம் பிடித்தார். சலங்கை தெறிக்க ஆடுகிற தளவாயைப் பார்க்கப் பார்க்க அண்ணாச்சிக்கு இன்னும் பதறியது. டுப்டுப்டுப்டுப். “நிறுத்துங்கல!” என்று அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். ஓட ஓடத் தாளம் பறந்தது. தளவாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. கமிட்டித் தலைவர், தன் ஆயுசில் இப்படி ஒரு அருள் பார்த்ததில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பிரஷர் ஏறுது, வே!” என்று வெள்ளப்பாண்டி அலறினான். ஜெபமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சிக்கு எதிரே ஓடினான்.

சொரிமுத்து மட்டும் பதறவே இல்லை. ஆம்ப்ளிஃபயர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சவுண்ட் திருகைப் பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான்.

“இப்ப எறங்கிட்டு, அண்ணாச்சி” என்றான். “நீங்க நிம்மதியா நின்னு கத்துங்க.”