புகைக் கல்லும் பொய் நெருப்பும்

பனிமலைச் சரிவில் இருந்த ஒரு காட்டில், மர்மோட் கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்துவந்தது. மர்மோட் என்பது பூனையளவு பருத்த மலை அணில். குளிர்காலம் முழுவதும் அது வளைக்குள்ளேயே தூங்கும். அதற்காக அந்தக் கூட்டம் கோடையெல்லாம் காய்ந்த புல்லைச் சுமந்துவந்து மெத்தை போட்டிருந்தது.

அந்த மெத்தைமேல் ஒரு நரிக்குக் கண்.

ஒரு நாள் காலையில் நரி பாறைப் பிளவு ஒன்றுக்குள் நுழைந்தது. அங்கே விளைந்திருந்த பளிங்குக் கற்களில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவந்து, மர்மோட்டுகளின் வளை வாசலில் போட்டது. ஆறு பட்டைகளோடு கண்ணாடிபோல இருந்தது அந்தக் கல். ஆனால் அதனுள்ளே புகை படிந்தாற்போல ஒரே பழுப்பு.

"ஐயையோ! மலைக்குள் நெருப்புப் பிடித்துவிட்டது! மேலே பாறைப் பிளவில் எடுத்த இந்தக் கல்லுக்குள் புகையைப் பாருங்கள்!" என்று நரி கூவியது.

மர்மோட்டுகள் நடுங்கிப்போயின. குட்டிகள் வீறிட்டு அழுதன.

"எல்லோரும் பக்கத்து மலைக்கு ஓடிவிடுங்கள். வளைக்கு நான் காவல் இருக்கிறேன்" என்றது நரி.

"பனிக்காலம் வரப்போகிறதே! புது வளை தோண்ட நாள் ஏது?" என்று தாய் மர்மோட் ஒன்று விம்மியது.

அந்தக் கூட்டத்தில் உருண்டை என்று ஒரு பெண் மர்மோட் இருந்தாள். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். அவள் மெல்லக் கல்லில் மூக்கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது! சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நரி மாமா, உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு! ஆனால் எங்களுக்காக நீங்கள் வெந்துபோவதா? வேண்டவே வேண்டாம். தீ வெளியே பரவாதபடி, வளையைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிடுகிறோம். நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள்" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல், வாசலில் மண்ணைத் தள்ளவும் தொடங்கினாள்.

நரி பதறியது. "அடைக்காதே, அடைக்காதே! உள்ளே நெருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை!"

"என்னது? நெருப்பு இல்லையா?" என்று எல்லா மர்மோட்டுகளும் ஒரே குரலில் கேட்டன.

நரி நாக்கைக் கடித்துக்கொண்டது. மர்மோட்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவை அடித்த சீழ்க்கையில் மலையே அதிர்ந்தது. நரி திரும்பிப் பாராமல் ஓடிப்போயிற்று.

"வாருங்கள், அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு வருவோம்!" என்றாள் உருண்டை.

உள்ளே சுவரெங்கும் பளிங்குக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. வெயில் பட்டதும் அத்தனையும் கருப்பட்டிப் பாகு நிறத்தில் மின்னின. அந்த ஒளி முதுகெல்லாம் வழிய, குட்டிகள் குதித்துக் குதித்து ஆடின.

நீதி: பயமுறுத்தும் பேச்சைக் கேட்டு ஓடும் முன், அது மெய்யா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.